பிரெயில் பலகைக்கு ஒரு பூட்டு

பறவைகள் சரணாலயத்தில் பார்வையற்றோருக்காகப் பிரெயில் பலகை வைத்திருப்பதாகப் பேப்பரில் பார்த்துச் சொன்னாள் என் மனைவி எமிலி. கூழைக்கடாவின் அலகைக்கூட மேடாகச் செதுக்கியிருக்கிறார்களாம். பறவைகளைச் சத்தத்தில் மட்டுமே தெரிந்தவன் நான். இரண்டு பஸ் மாறிப் போனோம். பார்வையாளர் மையத்தில் என் தடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, என் கையைப் பலகைமேல் எடுத்து வைத்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

“மேல கண்ணாடி போட்டிருக்காங்க,” என்றாள்.

“கை பட்டுப் பட்டு அழுக்காயிடுது சார். அடுத்த வாரம் பெரிய ஆபீசர் வேற வர்றாரு,” என்றார் பக்கத்தில் நின்ற காவலர்.

“யாரு கை பட்டு?”

கண்ணாடி நெடுக விரலை ஓட்டினேன். கீழ் மூலையில் ஒரு சின்னப் பூட்டு.

“சார், தொடாதீங்க. பெரிசா எழுதிப் போட்டிருக்கு பாருங்க.”

“எமிலி, அதைப் பிரெயில்ல எழுதியிருக்கா?”

“இல்லைங்க. பெயிண்ட்லதான்.”

“அப்ப அது எனக்குச் சொன்னதில்ல. தடியைக் குடு. நீ தள்ளி நில்லு.”

தடியை என் கையில் வைத்தாள். தள்ளிப் போகவில்லை.