அம்மா முன்னால் கேட்ட கேள்வி

சாயங்கால வெயில் கட்டில் கம்பியில் சாய்ந்து கிடக்கிறது. "மூளையில வெடிச்ச ரத்தக்குழாய அடைச்சாச்சு. இனி மத்த குழாய்ங்க சுருங்கினா பக்கவாதம் வந்துடும். சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து ஜாஸ்தி. பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். தலைக்கட்டோடு படுத்திருப்பவன் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கிறான். "இல்ல டாக்டர்." மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்குகிறாள். மாமியார் முன் அவள் இதுவரை அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை. "பிடிப்பாருங்க. தினம் ஒரு பாக்கெட்." மாமியார் போர்வையை இழுத்துவிட்டபடியே சொல்கிறாள்: "சாப்பிட்டதும் மாடிக்குப் போறான், இறங்கி வந்து பல் தேய்க்கிறான். எனக்குத் தெரியாதாக்கும்." அவன் அசடு வழியச் சிரிக்கிறான். வாயின் வலப்பக்கம் மட்டும் மேலே போகிறது. காலையில் சரியாக இருந்த இடப்பக்கம் அப்படியே கிடக்கிறது.