கம்பளி உள்ளுடுப்பு

மார்கழிக் காலை. செம்பரம்பாக்கம் ஏரி மதகில் சிக்கிய மரத்தை எடுக்க நஜீர் முங்க வேண்டும். தண்ணீர் புகாத ரப்பர் உடுப்புக்குள் போட்டுக்கொள்ள அவனிடம் இரண்டுதான் இருக்கின்றன: வெளுத்த பருத்திப் பனியன், பட்டாளம் கழித்துப்போட்ட கம்பளி உள்ளுடுப்பு. கம்பளியின் அக்குளில் எவனுடைய வேர்வையோ மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. தையலில் பேன் ஊர்கிறது. கவட்டில் மூத்திர நாற்றம். "பனியனே போதும் அண்ணாத்தே" என்கிறான். கரையிலிருந்து அவனுக்குக் காற்றுப் பம்பு சுற்றும் ஜம்புலிங்கம் காறித் துப்புகிறார். "அத்தர் பூசித் தரட்டா, மாப்ள? பனியன் வேர்வைல நனைஞ்சா ஜில்லுனு பூடும். கை வெறச்சிகினா சைகைக் கவுத்த எப்டி இழுப்பே? நீ இழுக்காம ஒன்ன நான் எப்டி மேல தூக்குவேன்?" நஜீர் மூச்சை அடக்கிக்கொண்டு கம்பளியை மாட்டுகிறான். பழைய பிசுக்கு முதுகில் ஒட்டுகிறது. ஜம்புலிங்கம் மேலே ரப்பர் உடுப்பை ஏற்றி, அதன் கழுத்தில் செப்புத் தலைக்கவசத்தைத் திருகி இறுக்குகிறார். அடக்கிய மூச்சை நஜீர் இனி அந்த நாற்றத்துக்குள்ளேயே விட்டாக வேண்டும்.