பச்சை நூல் பொத்தான்

"பார்சல்மா" என்றார் கூரியர்காரர்.

"நான் எதுவும் கேக்கலையே தம்பி. கொஞ்சம் நில்லுங்க."

அனுப்பியவர் பெயர் இல்லை. மகளுக்குப் போன் போட்டேன்.

"தெரியாத பார்சலைப் பிரிக்காதேம்மா. அப்படியே திருப்பி அனுப்பு."

"யாருன்னே தெரியாம எங்கேடி அனுப்புறது?" என்று போனை வைத்துவிட்டுப் பிரித்தேன்.

உள்ளே நீல ஸ்வெட்டர். என் வீட்டுக்காரருக்கு நான் பின்னியது. நீல நூல் தீர்ந்துபோனதால் மேல் பொத்தானை மட்டும் பச்சை நூலில் தைத்திருந்தேன். கேலி பேசிக்கொண்டே கடைசிவரை அதைத்தான் போட்டார். போன வருஷம் அதைப் போட்டுத்தான் அவரை அடக்கம் செய்தோம்.

"இதை யாருப்பா கொடுத்தது?"

"ஒரு வீட்டம்மா. ஐயாவுக்குப் புதுசு பின்னியாச்சாம், இனி இது வேண்டாமாம்."

"எந்த ஐயாவுக்கு?"

"அவங்க வீட்டுக்காரருக்குத்தான். அவர்தான் உங்க விலாசத்தைச் சொன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா. புதுசைப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு."

கூரியர்காரர் போனபின் ஸ்வெட்டரை மடியில் விரித்தேன். அந்த வீட்டம்மா அதைத் துவைத்திருந்தாள். பச்சை நூலைப் பிரித்துவிட்டு, அந்தப் பொத்தானை நீல நூலில் தைத்திருந்தாள். என்னைவிட நன்றாகவே தைத்திருந்தாள்.