அக்கா வராத ஆட்டம்

கிரிக்கெட் சீசன் பாதியைத் தாண்டியபோது எழிலனின் பேட் ஓய்ந்துபோயிருந்தது. ஏழு ஆட்டங்களில் மொத்தமே நாற்பது ரன். அணியின் கணினி முந்தைய சீசன்களின் ஆட்டங்களையும் சேர்த்து அலசிக் காரணத்தைச் சொன்னது: அவனை வளர்த்த அக்கா செண்பகம் அரங்கில் இருந்தால் சராசரி ஒன்பது, இல்லாவிட்டால் நாற்பத்தாறு. இந்த சீசனில் அவள் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

"ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி. வாசல் கேமராவுல உங்க அக்கா முகம் தெரிஞ்சா கதவு திறக்காது," என்றார் பயிற்சியாளர்.

எழிலன் போட்டுக்கொடுத்தான். அடுத்த ஆட்டத்தில் எண்பத்தெட்டு ரன் அடித்தான். அக்கா வழக்கமாக உட்காரும் பக்கம் அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், வாசலோரம் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவள். நாள் முழுக்க வெயிலில் நின்றதில் முகம் கன்றியிருந்தது.

"கதவு என்னைய உள்ள விடலடா. மெஷின் கெட்டுப்போச்சு போல. ஆனா கைதட்டலைக் கேட்டே நீதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்," என்று சிரித்தாள்.

கணினியின் கணக்கு பொய்த்து ரன் எடுக்காமல் போயிருந்தால்கூட அவன் இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டான்.

"கிரவுண்டுக்காரங்ககிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லி வைடா. அடுத்த ஆட்டத்துக்குள்ள சரிபண்ணிருவாங்க."

"சொல்றேன்க்கா," என்றான் எழிலன், தரையைப் பார்த்தபடி.