உள்ளங்கால் மச்சம்

"பூமிநாதன். வயசு இருபத்தாறு. ஓமன், சோஹார்."

அவன் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொண்டது.

இங்கு வந்த நாளிலிருந்து எந்தக் கவுன்ட்டரில் நின்றாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அம்மாவிடமும் அப்படியே தொடங்கிவிட்டான்.

அழிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா. இடது காலைப் பெஞ்சின் மேல் நீட்டியிருந்தான். குதிகாலில் கட்டு.

அம்மாவுக்குக் காது கேட்காது. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவனுக்கு எழுதத் தெரியும். இன்று எழுத்து எழுத்தாகத் தட்டப் பொறுமையில்லை. அதனால் பேசினான்.

காலையில் வீட்டுக் குரூப்பில் அம்மா ஒரு படம் போட்டிருந்தாள். தம்பி தர்மாவின் உள்ளங்கால். நடுவில் மை கொட்டியது போல் ஒரு கறுப்பு. ஓரம் ஒழுங்கில்லை. சுற்றிலும் குங்குமம்.

அவன் ஊரிலிருந்து கிளம்பிய அன்று அவன் காலிலும் இப்படித்தான் வைத்தாள்.

படத்தின் கீழே எழுதியிருந்தாள்.

'உனக்கு வந்த மாதிரியே தம்பிக்கும் வந்திருக்கு. ஆறு மாசத்துல எவ்வளவு பெருசாயிருச்சு பாரு. விசா வந்துருச்சு. வியாழக்கிழமை பிளைட்.'

அதற்கும் கீழே சித்தி.

'அண்ணனும் தம்பியும் மச்சக்காரனுங்க. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, வாசலைத் தாண்ட மாட்டேங்குது.'

மாமா கைகூப்பும் பொம்மை ஒன்பது போட்டிருந்தார்.

"அம்மா, படத்தைப் பார்த்தேன்."

நிறுத்தினான். திரையில் கோடு மினுக்கிக்கொண்டு காத்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் குதிகாலில் வந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். ஜோசியரிடம் கூட்டிப் போனாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உள்ளங்கால் மச்சம் கடல் தாண்ட வைக்கும் என்றார்.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்ட ஏஜென்ட், எங்கே காட்டு என்று கேட்டுப் பார்த்தார்.

விசா மெடிக்கலில் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள்.

அங்கே மட்டும் சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை.

இங்கு வந்த பிறகு அது அகலமானது. அறையில் பக்கத்துக் கட்டில் ரசாக் அண்ணன் சிரித்தார்.

"வளருதுடா பூமி. அடுத்து உன்னைய ஃபோர்மேன் ஆக்கிருவான் பாரு."

ஆக்கினார்கள்.

அந்த மாதம்தான் ரத்தம் கசிந்தது. ஆணி குத்தியிருக்கும் என்று பிளாஸ்டர் ஒட்டினான். ஷூவுக்குள் ஈரமானால் வேறு ஒட்டினான். எட்டு மாதம் ஒட்டினான்.

போன வாரம் தோல் டாக்டர் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்று முடிவு வந்தது. தொடை இடுக்கில் கட்டியிருந்த நெறியையும் அழுத்திப் பார்த்தார். அதையும் எடுக்க வேண்டும் என்றார்.

கூட வந்திருந்த ரசாக் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"தோல் கேன்சர் வெள்ளைக்காரனுக்கு வர்றதுடா. நம்ம கலருக்கு எங்க? அதுவும் வெயிலே படாத எடத்துல."

டாக்டருக்கு யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். கறுத்த தோலுக்கு வரும்போது வெயில் படாத இடத்தில்தான் பெரும்பாலும் வருகிறது என்றார். உள்ளங்கால். உள்ளங்கை. நகத்துக்கு அடியில். சீக்கிரம் பார்த்திருந்தால் சின்ன வேலை என்றார்.

பிறகு கேட்டார். இத்தனை நாள் இதை யாருமே பார்க்கவில்லையா?

எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

போனை வாயருகே கொண்டுபோனான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கால்ல ஆணி குத்திருச்சு."

எழுத்தாகி நின்றது. படித்தான்.

ஆணி என்று சொன்னால் தர்மா வியாழக்கிழமை ஏறிவிடுவான்.

அழித்தான். பெயர், வயது, ஊர் மட்டும் மிஞ்சியது.

மறுபடி பேசினான். நடுவில் அழுகை வந்தது. அதைப் போன் எழுதவில்லை.

"என் கால்ல இருந்தது மச்சம் இல்லம்மா. கேன்சர். நாளைக்கு வெட்டி எடுக்குறாங்க. குதிகால்ல பாதி போயிரும்னு சொல்றாங்க. மத்ததெல்லாம் வெட்டுனப்பறம்தான் சொல்லுவாங்களாம்.

உன்னையக் குத்தம் சொல்லலம்மா. நானும்தான் அதைத் தடவிப் பார்த்துட்டுத் தூங்குனேன்.

தர்மாவுக்கு இருக்கிறது வெறும் மச்சமாவே இருக்கலாம். இருக்கணும். ஆனா ஆறு மாசத்துல பெருசாச்சுன்னு நீயே எழுதியிருக்க. வளர்ற மச்சத்தைக் காட்டித்தான் ஆகணுமாம்.

ஜோசியரு வேணாம். மெடிக்கல் பண்ணுன எடத்துக்கும் போவாதீங்க. அங்க காலைப் பாக்க மாட்டாங்க.

தர்மா, பிளைட் போனா போகட்டும்டா.

அம்மா படிச்சு முடிக்க நேரமாகும். அதனால இதை யாரு முதல்ல பார்த்தாலும் சரி, சித்தியோ மாமாவோ, வியாழக்கிழமைக்கு முன்னாடி அவனைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அந்தக் குங்குமத்தைத் துடைச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க."