கைக்குள் ஒரு மாத்திரை

குளியலறைக் கதவுக்கு வெளியே அத்தை நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

"ஆச்சாம்மா?"

"இருங்க அத்தை," என்றேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். சோதனைப் பட்டை ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ஒரு கோடு வந்துவிட்டது. இரண்டாவது கோடு வருமா, வராதா என்பதுதான் இப்போது என் மொத்த வாழ்க்கையும்.

கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும் என்று உறையில் போட்டிருந்தது. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எடுத்துப் பார்த்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

பட்டையை வாங்கும்போதே மருந்துக்கடை அக்காவிடம் கேட்டிருந்தேன். கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவளுக்கும் கரு தங்குமா?

"தவறாம போட்டிருந்தா நூத்துல ஒருத்தருக்குத் தங்கினா பெரிசு. இப்ப நிறுத்திட்டீங்களா? திடீர்னு நிறுத்தினாலும் நாள் தள்ளிப்போகும். மனசு சரியில்லேன்னாலும் தள்ளிப்போகும். பயப்படாதீங்க."

ஏன் நிறுத்தினேன் என்று அந்த அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நூற்றில் ஒருத்தி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். எந்தப் பரீட்சையிலும் நூற்றில் ஒருத்தியாக வந்து பழக்கமில்லாதவள்தான் நான். ஆனாலும் இதில் வந்துவிட்டால்?

எங்காவது ஒரு நாள் தவறியிருக்குமா என்று மண்டையைக் குடைந்தேன். என் பொறுப்பில் இருந்திருந்தால் கட்டாயம் தவறியிருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவள் நான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவியைத் தேடுகிறவள். ஆனால் மாத்திரை என் வீட்டுக்காரரின் பொறுப்பு.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு போல்ட்டை முடுக்கினால் இன்னொரு தடவை தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்.

கொஞ்ச காலம் நாம் இரண்டு பேராகவே இருக்கலாம் என்று நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது. அத்தைக்குத் தெரியாது. பேரப்பிள்ளைக்கு ஆகும் என்று மெத்தென்ற பழைய புடவைகளை யாருக்கும் கொடுக்காமல் மடித்து வைத்திருந்த மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது? மாத்திரை அட்டையை அவருடைய கருவிப் பையில், ஸ்பானர்களுக்கு அடியில் ஒளித்தோம். கிரீஸ் அப்பிய அந்தப் பையின் கிட்டேகூட அத்தை வரமாட்டார்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது நானும் வாசல்வரை போவேன். என் கையைப் பிடிப்பார். உள்ளங்கைக்கு மாத்திரை வந்து சேரும். விரல்களை மடக்கிக்கொள்வேன். அவ்வளவுதான்.

அத்தைக்குத் தெரிந்ததெல்லாம், தன் பிள்ளை பெண்டாட்டி கையைத் தொடாமல் படியிறங்க மாட்டான் என்பதுதான். "விடுடா, அவ கை தேஞ்சிடப் போகுது," என்று கேலி செய்வார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன்.

சண்டை போட்டு, முகம் கொடுத்துப் பேசாத காலைகளிலும் அந்தக் கை நீண்டது. காய்ச்சலில் நான் வாந்தி எடுத்த அன்று, போன வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பிவந்து இன்னொரு மாத்திரையைத் திணித்துவிட்டுப் போனார். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றதும் பிள்ளை ஓடிவந்துவிட்டான் என்று அத்தை அதையும் பக்கத்து வீட்டில் பெருமையடித்தார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் மாத்திரை எங்கே தவறும்?

ஆனாலும் நாள் தள்ளியிருந்தது. அத்தை அதைக் கவனித்துவிட்டார். என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார், வாளியைத் தூக்க விடவில்லை. நேற்று, வெகுநாளைக்குப் பிறகு, தானே தட்டை எடுத்துவைத்து ஒரு வாய் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் இன்று கடைக்குப் போகும் தைரியமே எனக்கு வந்தது.

பட்டையை மறுபடி எடுத்தேன். ஒரு கோடுதான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றேதான்.

மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அத்தைக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எதிர் மூலையில் கருவிப் பை கிடந்தது. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து அவரைத் தூக்கிவந்தவர்கள் அதையும் மறக்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலே யாரோ கவனிக்காமல் சுவிட்சைப் போட்டதற்கு அவர் என்ன செய்வார்? அன்று காலை என் கைக்கு வந்ததுபோக மீதி மாத்திரைகள் ஸ்பானர்களுக்கு அடியில் அப்படியே இருந்தன.

ஒரே ஒரு நாள் மறந்து தொலைத்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா.

அத்தை என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உன்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. தினம் இந்தக் கையைப் பிடிச்சுட்டுத்தானே போனான். அந்தப் பிரியத்துக்காவது ஒண்ணு தங்கியிருக்கக் கூடாதா?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.