தோளில் ஒரு கட்டம்

வெட்டுக்குத்துக் கணினி விளையாட்டு ஒன்றின் இரண்டாம் பாகத்தில் வாசல் காவலனை ஒருவராலும் தாண்ட முடியவில்லை. முதல் பாகமே ரொம்பக் கஷ்டம் என்று ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட கம்பெனி அது. காவலனின் வாளைச் சின்னதாக்கினார்கள், வேகத்தைக் குறைத்தார்கள். விளையாடிச் சோதிக்கும் பெவின் அப்போதும் அவன் கையால் செத்துக்கொண்டே இருந்தான். வெளியீட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. காவலனை வரைந்த நஸ்ரத், பெவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெட்டப் போறப்ப கை ஏன் நின்னுடுது?"

பெவின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேலை போன அன்னிக்கு எங்கப்பா உள்ள வராம கேட் கிட்டயே நின்னாரு. இதே மாதிரி. எப்படிக்கா வெட்டுறது?"

திரையில் காவலன் மொத்தமே பதினாறு புள்ளிக் கட்ட உயரம், கண்கூடக் கிடையாது. ஆனால் வலது தோள் ஒரு கட்டம் இறங்கியிருந்தது. நஸ்ரத் அதை மேலே ஏற்றினாள். பெவின் ஒரே வீச்சில் அவனைச் சாய்த்தான். சிவப்புக் கட்டங்கள் சிதற, கதவு திறந்தது. அறையே கைதட்டியது. நஸ்ரத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தச் சரிந்த தோளை வீணாக்க மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், பெவின் இயக்கும் நாயகனின் வலது தோளை ஒரு கட்டம் இறக்கினாள். அதுவரை அவனை நூறு தடவை கூசாமல் சாகவிட்ட பெவின், முதல் அம்பு வந்ததுமே அவனைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தான். அம்புகள் எல்லாம் தீரும்வரை அசையவே விடவில்லை.